மெழுகு போட்ட சைக்கிளுக்கு ஆறு மைல் கிடையாது

எங்கள் வெள்ளாரம்பட்டிக்கும் டவுன் ஓரத்துத் தீப்பெட்டி ஆபீசுக்கும் நடுவில் ஆறு மைல் இருந்தது, வெயிலுமுத்து தன் சைக்கிள் செயினை மெழுகில் முக்கி எடுத்த சனிக்கிழமை வரைக்கும். அதற்குப் பிறகும் நடந்து போனவர்களுக்கும் மாட்டு வண்டியில் போனவர்களுக்கும் எண்ணெய் போட்ட சைக்கிளில் போனவர்களுக்கும் அதே ஆறு மைல்தான். மெழுகு போட்டவர்களுக்கு மட்டும் சாலையின் நடுப்பகுதி இல்லாமல் போனது.

தீப்பெட்டி ஆபீஸ் என்றால் மேஜை நாற்காலி போட்ட ஆபீஸ் இல்லை, எங்கள் பக்கத்தில் கம்பெனியை அப்படித்தான் சொல்வது. பெண்கள் ஒரு கொட்டகையில் உட்கார்ந்து மரச்சட்டத்தில் குச்சிகளை அடுக்குவார்கள். அடுக்கிய சட்டம் இன்னொரு கொட்டகைக்குப் போகும். அங்கே வெயிலுமுத்து குச்சிகளின் நுனியை உருகிய மெழுகுத் தட்டில் ஒரு தொடு தொட்டு எடுப்பான், அடுத்த ஆள் அதே நுனியை மருந்தில் முக்குவான். மருந்தில் பற்றிய நெருப்பு மரத்துக்கு இறங்க வேண்டும் என்றால் இடையில் மெழுகு வேண்டும். அவன் மனைவி சீனியம்மாள் பெண்கள் கொட்டகையில் குச்சி அடுக்கினாள். இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போய் ஒரே சைக்கிளில் வருவார்கள், அவன் மிதிக்க அவள் பின்னால் கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்திருப்பாள்.

எங்கள் மண் கரிசல். கோடையில் அந்தச் சாலையின் புழுதி மாவு மாதிரி இருக்கும், எண்ணெய் போட்ட செயினில் ஒட்டிக்கொண்டு இரண்டே நாளில் கறுப்புக் களியாகிவிடும், களி பல்சக்கரத்தை அரிக்கும், பின்னால் உட்கார்ந்து வருகிற பெண்களின் சேலை ஓரத்தில் கோடு இழுக்கும். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கழுத்தைப் பார்க்க வேண்டியதில்லை, சேலையின் கீழ் ஓரத்தைப் பார்த்தால் போதும். சீனியம்மாளுக்கு இருந்த எல்லாச் சேலையிலும் அந்தக் கறுப்புக் கோடு இருந்தது.

அந்தச் சனிக்கிழமை வேலை முடிந்ததும் வெயிலுமுத்து செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் வெயிலில் காயவைத்து, தட்டில் இன்னும் சூடாகக் கிடந்த மெழுகில் போட்டான். கண்ணிகளுக்குள் இருந்த காற்றெல்லாம் குமிழ் குமிழாக மேலே வந்து நின்றபிறகு எடுத்து ஆணியில் தொங்கவிட்டான். ஆறியபோது செயின் கம்பி மாதிரி விறைத்து நின்றது; மாட்டி நாலு சுற்றுச் சுற்றியதும் மேல்மெழுகு உதிர்ந்து, உள்மெழுகு மட்டும் தங்கி, சத்தமே இல்லாமல் ஓடியது.

திங்கட்கிழமை காலையில் சீனியம்மாளை ஏற்றிக்கொண்டு ஊரைத் தாண்டி ஓடைப் பாலத்தில் ஏறி இறங்கி ஐந்தாறு மிதி மிதித்தான், எதிரே ஆபீஸ் தண்ணீர்த்தொட்டி நின்றது. திரும்பிப் பார்த்தால் ஓடைப் பாலம் பின்சக்கரத்துக்குப் பின்னாலேயே இருந்தது. கேட் வாட்ச்மேன் அப்போதுதான் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, ராத்திரி இங்கனயே படுத்திட்டியளா ரெண்டு பேரும்?"

"இல்ல மாமா. செயின்ல மெழுகு போட்டேன்."

"அதான பாத்தேன்" என்று அவர் வாய் கொப்பளித்தார்.

ஒரு மாதத்துக்குள் வெள்ளாரம்பட்டியில் பாதிச் சைக்கிள்கள் மெழுகுக்கு மாறின. சனிக்கிழமை சாயங்காலம் மெழுகுத் தட்டைச் சுற்றி ஆண்கள் செயினை மாலை மாதிரி கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் சந்தோஷப்பட்டார்கள், விடிந்தபிறகு எழுந்து உலை வைத்தாலும் நேரத்துக்குப் போக முடிந்தது, சேலை ஓரம் வெளுப்பாக இருந்தது. வெயிலுமுத்துவுக்கு அடுத்து மருத்துவச்சியின் மகன் மெழுகு போட்டான், அம்மாவை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் மூன்று குழந்தைகள் நல்லபடியாகப் பிறந்தன. சாவுச் செய்தி சொல்லப் போகிறவன் மெழுகு வண்டியில் போகலாம், கல்யாணத்துக்குச் சொல்லப் போகிறவன் எண்ணெய் வண்டியில்தான் போகவேண்டும், நல்ல செய்தி வழியில் உள்ளவர்களுக்கும் தெரியட்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. தபால்காரர் எண்ணெயைக் கைவிடவில்லை, ஏனென்றால் சாலையின் நடுவில் இருந்த மூன்று வீடுகளுக்கும் கடிதம் வரும். நடுவில் புஞ்சை வைத்திருந்த ஒருவர் ஆசையாக மெழுகு போட்டுவிட்டு ஒரு வாரம் தன் புஞ்சையைத் தேடினார். ஒவ்வொரு தடவையும் டவுனில் போய் இறங்கினார். கடைசியில் சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டு நடந்து போனபோது, பருத்தி வெடித்துக் காற்றில் பறந்துகொண்டிருந்ததாம். குடிக்கிற ஆட்கள் மட்டும் கட்டாயம் எண்ணெய் போடவேண்டும் என்று அவர்கள் வீட்டுப் பெண்கள் சொன்னார்கள், ஆறு மைல் மிதித்து வந்தால்தான் போதை இறங்குகிறது என்று.

மெழுகுக்கும் குறை இருந்தது. எண்ணெய் என்றால் பழசின் மேலேயே இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு போகலாம். மெழுகை அப்படிச் செய்ய முடியாது, கழற்ற வேண்டும், சுத்தம் பண்ண வேண்டும், காய்ச்ச வேண்டும். ஒரு மழை பெய்தால் போதும், செயின் மைனாக்குஞ்சு மாதிரிக் கத்தும். பதினைந்து நாளில் மெழுகு தேயத் தொடங்கும், தேயத் தேய சாலை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். முதலில் ஓடைக்கரை ஆலமரம் வரும், அப்புறம் கமலைக் கிணறு, அப்புறம் செங்கல் சூளை. அப்போதுதான் ஆட்கள், "செயினுக்கு நாளாச்சு போல, சூளை தெரியுது" என்று சொல்லிக்கொண்டு தட்டைத் தேடி வருவார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில் திரும்பி வருவது பனை விலக்கு. அதுவரை யாரும் விட்டுவைப்பதில்லை.

பனை விலக்கு என்பது ஒற்றைப் பனையடியில் இன்னொரு பாதை பிரிகிற இடம், ஆறு மைலுக்குச் சரிநடுவில் இருந்தது. அங்கே பரமன் டீக்கடை வைத்திருந்தார். டீயோடு ஒரு எண்ணெய்க் கேனும் வைத்திருப்பார். நீங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டுவிடுவார், அதற்குத் தனியாக ஒன்றும் வாங்கமாட்டார்.

வெயிலுமுத்துவும் சீனியம்மாளும் எட்டு வருஷமாக அங்கே நின்று ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுத்தான் போவார்கள். அவர்கள் குடும்பம் நடத்தியதே அந்தச் சாலையில்தான் என்று சொல்லவேண்டும். வீட்டில் ஒரே ஒரு அறை, அதில் அவன் அம்மா ஆவுடையம்மாள், இரண்டு தம்பிகள், ஒரு தம்பி மனைவி. ஆவுடையம்மாளுக்குத் தூக்கத்திலும் காது கேட்கும். ஆபீசில் ஆண்கள் கொட்டகை வேறு, பெண்கள் கொட்டகை வேறு. ஆகவே பேச வேண்டியதையெல்லாம் அவர்கள் சாலைக்கு என்று எடுத்து வைத்துக்கொள்வார்கள். பேச்சுக்கும் ஒரு முறை இருந்தது. ஓடைப் பாலத்திலிருந்து சூளை வரைக்கும் வீட்டுச் சண்டை, சூளையிலிருந்து பனை விலக்கு வரைக்கும் ஊர்க்கதை, டீ குடித்துவிட்டு ஏறியபிறகுதான் மனதில் இருப்பது வாய்க்கு வரும். அவள் அவன் முதுகைப் பார்த்துப் பேசுவாள், அவன் சாலையைப் பார்த்துப் பதில் சொல்வான், முகம் பார்க்காததால் இரண்டு பேருக்கும் சுலபமாக இருந்தது.

அந்த எட்டு வருஷத்தில் அவர்களுக்குக் குழந்தை இல்லை.

மெழுகு வந்த அதே மாதத்தில் ஆவுடையம்மாள் தன் மகள் வயிற்றுப் பேத்தி பவுனுவை மகனுக்கு இரண்டாவதாகக் கட்டிவைப்பது என்று பேச ஆரம்பித்தாள். அக்கா மகள், முறைப்பெண், வெளியில் பெண் தேட வேண்டாம். சீனியம்மாள் அரிசி களைந்துகொண்டிருக்கும்போதே அவள் காதுபட இது பேசப்பட்டது, ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று மாதமும் குறிக்கப்பட்டது. வெயிலுமுத்து வாயைத் திறக்கவில்லை. அவன் சரி என்று சொல்லாததை யாரும் கவனிக்கவில்லை, வேண்டாம் என்று சொல்லாததை எல்லாரும் கவனித்தார்கள்.

அவன் மனதில் என்ன இருக்கிறது என்று சீனியம்மாளுக்குத் தெரிந்தாக வேண்டும். அதைக் கேட்க அவளுக்கு ஒரே ஒரு இடம்தான் உண்டு, பனை விலக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிற மூன்று மைல். அது இப்போது இல்லை.

அவள் முயற்சி பண்ணாமல் இல்லை. ஓடைப் பாலத்தில் ஏறும்போது, "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று தொடங்குவாள், தண்ணீர்த்தொட்டி வந்துவிடும். மறுநாள் ஊரைவிட்டுக் கிளம்பும்போதே தொடங்கிப் பார்த்தாள். "இந்தப் பவுனு விஷயம்" என்றபோது வாட்ச்மேன் கேட்டைத் திறந்து, "வா தாயி" என்றார். சாயங்காலம் கேட்டில் தொடங்கினால் வீட்டு வாசலில் மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஐந்தாறு மிதிக்குள் கேட்கிற கேள்வியா அது. முதல் மைலில் கேட்டால் அது சண்டையாகத்தான் வரும், அவளுக்குச் சண்டை வேண்டாம்.

சரி, மெழுகு தேயட்டும், சாலை திரும்பட்டும் என்று காத்திருந்தாள். மற்ற ஆண்கள் செயின் கதறுகிற வரைக்கும் விட்டுவிட்டுத்தான் தட்டுக்கு வருவார்கள். வெயிலுமுத்து ஒவ்வொரு சனிக்கிழமையும் போட்டான். மெழுகு புதுசாக இருந்தாலும் போட்டான். உடம்பு சரியில்லாத சனிக்கிழமை கூட வேலைக்கு வராமல் செயினை மட்டும் சிநேகிதன் கந்தவேலிடம் கொடுத்துவிட்டான். ஆடி பிறந்தபோது அவளுக்கு ஓடைக்கரை ஆலமரம்கூடத் தெரிந்திருக்கவில்லை.

ஆடி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வெயிலுமுத்து டவுனுக்கு மாட்டினி பார்க்கக் கந்தவேலின் வண்டியில் போயிருந்தான். ஆவுடையம்மாள் கோயிலுக்குப் போயிருந்தாள். சீனியம்மாள் குறடு எடுத்து செயினின் லாக்கைக் கழற்றி, அடுப்பிலிருந்த சோற்றுப் பானையில் தண்ணீர் ஊற்றி, செயினை உள்ளே போட்டுக் கொதிக்கவிட்டாள். மெழுகுக்கு மேல் எண்ணெய் விட்டால் நிற்காது, முத்து முத்தாக உருண்டு விழுந்துவிடும், முதலில் மெழுகு போகவேண்டும் என்று அவளுக்குத் தெரியும், அவள் புருஷன் சொன்னதுதான். கொதித்த தண்ணீரின் மேல் மெழுகு பாலாடை மாதிரிப் படர்ந்தது. அவள் இறக்குவதற்குள் ஆவுடையம்மாள் திரும்பி வந்துவிட்டாள்.

"என்னட்டி வேகுது?"

"செயின் அத்தை."

ஆவுடையம்மாள் குனிந்து பானைக்குள் பார்த்தாள். "எட்டு வருஷத்துல நீ பொங்குனதுல இதுதான் பதமா வெந்திருக்கு" என்றாள்.

சீனியம்மாள் பானையை இறக்கினாள். செயினை எடுத்துத் துடைத்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பனை விலக்குக்கு நடந்தாள். ஆலமரம் இருந்தது, கிணறு இருந்தது, சூளையில் புகை இருந்தது. ஆள் நடமாட்டம் குறைந்ததில் சீமைக்கருவேல் இரண்டு பக்கமும் சாலைக்குள் கையை நீட்டியிருந்தது. பரமன் பெஞ்சில் படுத்திருந்தார், அவளைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"இப்படி ஒரு ஊரு இருந்துச்சேன்னு ஞாபகம் வந்திருச்சா?"

"எங்களுக்கு எங்கண்ணே வழி தெரியுது. ஏறுனா எறங்கச் சொல்லுது."

"எனக்கும்தான் ஒண்ணும் தெரியல. காலையில எட்டு மணிவாக்குல சர்ருனு காத்து மட்டும் அடிக்கும். ஓகோ, வெள்ளாரம்பட்டிக்காரங்க போறாங்கன்னு நெனச்சுக்கிடுவேன். காத்துக்கு எங்க டீ ஆத்திக் குடுக்க."

அவள் பையிலிருந்து செயினை எடுத்து நீட்டினாள். பரமன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தானம்மா ஓடுது மெழுகுல. தேய்மானம் கிடையாது, அழுக்கு கிடையாது. என் பொழப்பு கெட்டாலும் உள்ளதச் சொல்லணும்ல. எதுக்கு மாத்துத?"

"கொஞ்சம் பேச வேண்டியிருக்கு."

பரமன் எண்ணெய்க் கேனை எடுத்தார். ஒவ்வொரு கண்ணியாக மடக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டு, ஊறவைத்து, துணியால் இழுத்துத் துடைத்துக் கொடுத்தார். அன்றைக்கு அவருக்கு வந்த ஒரே ஆள் அவள்தான். அவள் திரும்பி நடந்து வந்து, அவன் வருவதற்குள் செயினை மாட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை விடியும்போதே அவள் தூக்குவாளியோடு வாசலில் நின்றாள். வெயிலுமுத்து செயினைப் பார்த்தான், பளபளவென்று கறுப்பாக இருந்தது. ஏறி மிதித்தான், அவள் ஓடி உட்கார்ந்தாள். ஓடைப் பாலத்தைத் தாண்டி ஐந்தாறு மிதியில் ஆலமரம் வந்தது, அதற்கப்புறம் சாலை தன்பாட்டுக்கு நீண்டு கிடந்தது. சூளை வரைக்கும் வீட்டுச் சண்டை எதுவும் நடக்கவில்லை. பனை விலக்கு வரைக்கும் ஊர்க்கதை எதுவும் பேசவில்லை. பரமன் இரண்டு டீ ஆற்றிக் கொடுத்தார், குடித்தார்கள், ஏறினார்கள்.

பனை மறைந்தபிறகு அவள் அவன் முதுகைப் பார்த்துக் கேட்டாள். "பவுனக் கட்டிக்கிடப் போறீங்களா?"

அவன் ரொம்ப தூரம் மிதித்தான். "நான் சரின்னு சொல்லலையே" என்றான்.

"வேண்டாம்னும் சொல்லலையே."

செயின் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"நான் இதக் கேட்டிருவேன்னுதான் மெழுகு போட்டீங்களா?"

"மொதல் சனிக்கிழமை புழுதிக்குத்தான் போட்டேன்" என்றான் அவன். "ரெண்டாவது சனிக்கிழமையிலருந்து இதுக்கு."

அவள் கேரியரிலிருந்து குதித்து இறங்கினாள். வண்டி ஆடி நின்றது. அவள் அவனைத் தாண்டி நடந்தாள், அவனும் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தான். இப்போது அவன் அவள் முதுகைப் பார்த்துப் பேச வேண்டியிருந்தது, அது அவனுக்குப் பழக்கமில்லை.

"பவுனு நான் தூக்கி வச்சிருந்த பிள்ள, சீனி. அவ காதுகுத்துக்கு என் மடியிலதான் உக்காந்திருந்தா. அவளைப் போய் என்னத்தக் கட்ட."

"பிள்ள இல்லாதது உங்களுக்கு எப்படி இருக்கு? பொய் சொல்லாமச் சொல்லுங்க."

"சில நாள் கஷ்டமா இருக்கு. பொங்கலு, தீவாளின்னா இருக்கு. மத்த நாள் தோணாது. உனக்கு?"

எட்டு வருஷத்தில் இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. "எனக்கு மத்த நாளும் தோணும்" என்றாள். அதைச் சொன்னபிறகு அவளால் வேகமாக நடக்க முடியவில்லை, அவன் பக்கத்தில் வந்துவிட்டான். கொஞ்ச தூரம் அப்படியே நடந்தார்கள்.

"அப்புறம் ஏன் அத்தைகிட்ட வாயத் தொறக்கல?"

"அழுவா."

"நான் அழ மாட்டேனா?"

"நீ அழுதா சத்தம் வராது. அம்மா அழுதா தெருவே வரும்."

கோபத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

தண்ணீர்த்தொட்டி தெரிந்தபோது அவன், "சாயந்தரம் போய் அம்மாகிட்டச் சொல்லிருதேன்" என்றான்.

சீனியம்மாள் நின்றாள். இன்று ஆறு மைல் மிதித்துப் போய்ச் சேர்வதற்குள் அவன் மனம் எத்தனை தடவை மாறும் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சாலையை அவளைவிட அறிந்தவர்கள் இல்லை, மனதில் இருப்பதை வெளியே கொண்டுவரவும் அதற்குத் தெரியும், வந்ததைத் திரும்ப உள்ளே தள்ளவும் தெரியும். கேட்டில் கந்தவேல் வண்டியை நிறுத்திப் பூட்டிக்கொண்டிருந்தான்.

"கந்தவேலண்ணே, வண்டி மெழுகு போட்டதுதான?"

"முந்தாநேத்துதான் முக்குனேன் தங்கச்சி. ஏன்?"

"இவங்களுக்குக் குடுங்க. வீட்டுல ஒரு சோலி விட்டுப்போச்சு."

வெயிலுமுத்து அவளைப் பார்த்தான். "இப்பவா?"

"இப்பத்தான். கேக்கத்தான் ஆறு மைல் வேணும். வேண்டாம்னு சொல்றதுக்கு அம்புட்டு எதுக்கு? போயிட்டு மணியடிக்கு முன்ன வந்திருங்க."

கந்தவேல் சாவியைக் கொடுத்தான். வெயிலுமுத்து ஏறி மிதித்தான், சத்தமே இல்லை. வாட்ச்மேன் தண்டவாளத் துண்டில் அடிக்கிற கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். சீனியம்மாள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளும் அவள் பேச்சைக் கெடுத்த அந்த ஐந்தாறு மிதி இன்றைக்குத்தான் அவளுக்கு நீளமாக இருந்தது.

"அடிச்சிரட்டா தாயி?"

"கொஞ்சம் பொறுங்க மாமா."

அவன் வந்தான். ஓடைப் பாலத்தின் பக்கமிருந்து வருகிற ஆள் மாதிரி வராமல், பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு வருகிற ஆள் மாதிரி வந்து இறங்கினான். சட்டையெல்லாம் மாவு, ஆவுடையம்மாள் மாவு சலித்துக்கொண்டிருந்தபோது கட்டிப் பிடித்து அழுதிருக்கிறாள்.

"சொல்லிட்டேன்" என்றான்.

"என்ன சொன்னாங்க?"

"அழுதா."

"தெருவெல்லாம் வந்துச்சா?"

"வந்துச்சு. எல்லார் முன்னாலயும் இன்னொரு தடவ சொல்லச் சொன்னா. சொன்னேன். அப்புறம் மூக்கச் சிந்திட்டு, பவுனுக்கு வேற மாப்பிள்ள கிடைக்காமயா போயிருவான், அது கெடக்கட்டும், உன் பொண்டாட்டி சோத்துப் பானைய மெழுகுப் பானையாக்கிட்டா, சோறெல்லாம் மெழுகுவர்த்தி நாத்தம் அடிக்கு, அதுக்கு என்ன வழின்னு கேட்டா. சாயந்தரம் வரும்போது புதுப்பானை வாங்கிட்டு வரணுமாம்."

"நான் வேகவச்ச பானைதான. நானே பாத்து வாங்குதேன்" என்றாள் சீனியம்மாள். வாட்ச்மேன் மணி அடித்தார். அவள் பெண்கள் கொட்டகைக்குப் போனாள், அவன் மெழுகுத் தட்டுக்குப் போனான்.

சாயங்காலம் டவுன் குயவர் தெருவில் அவள் ஒவ்வொரு பானையாகச் சுண்டிச் சுண்டிச் சத்தம் கேட்டு ஒன்றை எடுத்தாள். கேரியரில் உட்கார்ந்து மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். மண்பானை என்பதால் வெயிலுமுத்து பள்ளம் மேடு பார்த்து மெல்ல மிதித்தான், மாட்டுவண்டிகள் அவர்களை முந்திக்கொண்டு போயின. சேலை ஓரத்தில் செயின் கறுப்பாக உரசிக்கொண்டே வந்தது, அவள் அதை ஒதுக்கவில்லை. வீடு போய்ச் சேர அன்றைக்கு அவர்களுக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஆனது.